படத்தில் விழுந்த ஊக்கு

அத்தியாயம் 11

வேலூர் ஆஸ்பத்திரியின் நீள வராந்தாவில் கிடந்த பெஞ்சில் சென்னம்மாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சாய்ந்துகொள்ள ஆசைதான். முதுகு இடம் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பது அந்தப் பெஞ்சில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியும். தெரியாத மூன்றாவது ஆள் அவள் புருஷன் அர்ச்சுனன்.

"சாஞ்சுக்க புள்ள. மொரப்பூர்ல ரயில் ஏறுனதுல இருந்து இப்பிடியேதான் குந்தியிருக்க" என்றான் அவன்.

"இருக்கட்டுங்க. இதுதான் தோதா இருக்குது."

பக்கத்தில் இருந்த நாத்தனார் ராஜாமணி கூடைக்குள் கையை விட்டு, அதில் இல்லாத எதையோ மும்முரமாகத் தேடினாள். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால் அவளுக்கு அந்தக் கூடைதான் கதி.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில் சென்னம்மாளின் இடது மார்பில் இருந்த கட்டிக்குள் மெல்லிய ஊசியை விட்டு உறிஞ்சிப் பார்த்தார்கள். கெட்ட கட்டிதான் என்று முடிவு வந்தது. அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொன்னவர் டாக்டர் அக்கம்மா. பேரைக் கேட்டதும் தெலுங்குக்காரி, நம் அம்மா ஊர்ப் பக்கம் என்று சென்னம்மாள் குளிர்ந்து போனாள். பார்த்தால் கேரளத்துக்காரி. தமிழ் நன்றாகத்தான் பேசுவார். ஆனால் மனசு இளகினால் மட்டும் ஒரு வார்த்தை மாறி வந்துவிடும்.

"பேடிக்க வேண்டாம். கட்டி சின்னது. இருந்த இடத்தை விட்டு நகரலைன்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். நகர்ந்திருக்கான்னு படம் எடுத்துப் பாத்துடுவோம்."

பேடிக்க வேண்டாம் என்றால் பயப்பட வேண்டாம் என்று அர்த்தமாம். அந்த வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டுதான் சென்னம்மாள் ஊருக்குத் திரும்பினாள்.

ஸ்கேனுக்குத் தேதி கிடைக்கப் பதினைந்து நாள் ஆனது. அந்தப் பதினைந்து நாளைச் சும்மா விட ராஜாமணியால் முடியவில்லை. பொம்மிடியிலிருந்து ஓடி வந்தாள். "ஊசி குத்துன கட்டி சும்மா இருக்காது அண்ணி. கோவிச்சுக்கிட்டு உடம்பு பூரா ஓடிடும்" என்றாள். தீர்த்தமலைக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வருகிறோம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு அண்ணியைக் கூட்டிப் போனாள். தலைமுழுகியதும் உண்மைதான். ஆனால் வழியில் இறங்கி, சூடு போடும் சென்றாயன் வீட்டுக்கும் போனார்கள். அவன் விரலி மஞ்சளை விளக்கில் காட்டிக் கருக்கி, கட்டிக்கு நேர் பின்னால், முதுகில் அழுத்தினான். கட்டி கரைந்து அந்த வழியாக வெளியே போய்விடுமாம். கட்டி கரையவில்லை. முதுகுதான் புண்ணாகிச் சீழ் வைத்தது.

இதை அர்ச்சுனனிடம் சொல்லித் தொலைக்கலாமே என்பீர்கள். அங்கேதான் இருக்கிறது வினை.

அர்ச்சுனனிடம் மயிலை என்று ஒரு எருது இருந்தது. அதை உழவுக்கு இரவல் வாங்கிப் போன ராஜாமணியின் புருஷன் ராஜப்பன், கால் வீங்கியது என்று இதே சென்றாயனைக் கூப்பிட்டுச் சூடு போட்டான். சூட்டுப் புண்ணில் புழு வைத்து மயிலை செத்துப் போனது. பெற்ற அப்பன் செத்தபோது அழாத அர்ச்சுனன், மாட்டுக்காகக் களத்தில் உட்கார்ந்து அழுதான் என்று ஊரில் இன்னும் பேச்சு. அதற்குப் பிறகு ஆறேழு வருஷம் பொம்மிடி வாசலை அவன் மிதிக்கவில்லை. "சூடுன்னு ஒரு வார்த்தை என் வூட்டுல கேக்கக்கூடாது" என்றான். கேட்கவும் இல்லை.

சென்னம்மாள்தான் மெல்ல மெல்லப் பேசி இரண்டு வீட்டையும் ஒட்ட வைத்தாள். அதுவும் சும்மா ஒட்டவில்லை. மகள் தீர்த்தம்மாளை ராஜாமணியின் மகன் மாதேஸ்வரனுக்குப் பேசி முடித்து, ஆவணியில் கல்யாணம் என்று வெற்றிலை மாற்றியாகிவிட்டது. அத்தை மகன் மேல் அந்தப் பெண்ணுக்கு இருக்கிற ஆசை, பெற்றவளுக்குத் தெரியாதா?

இந்த நேரத்தில் முதுகைத் திறந்து காட்டினால், கல்யாணம் என்ன ஆகும்?

"சென்னம்மாள், மொரப்பூர்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

*

டாக்டர் அக்கம்மா முதலில் மார்பைப் பார்த்தார். கட்டி வளரவில்லை என்றார். பிறகு இடது கையைத் தூக்கச் சொல்லி அக்குளில் விரல்களை வைத்தார். விரல்கள் நின்றன. கொஞ்சம் விலகி, மறுபடி அதே இடத்துக்கு வந்தன.

"இது போன தடவை இல்லையே."

"என்னாதுங்க டாக்டரம்மா?"

"அக்குள்ல ஒரு கட்டி. உங்களுக்குத் தெரியலையா?"

தெரியாமல் என்ன? நாலைந்து நாளாகக் கை தூக்கினால் வலிக்கிறது. தலை பின்ன முடியவில்லை. மகளைப் பின்னிவிடச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பக்கம் கையில, நெஞ்சுல, முதுகுல எங்கயாவது புண், காயம் ஏதாவது இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் அர்ச்சுனன் தொண்டையைக் கனைத்தான். முதுகைச் சுற்றிப் போர்த்தியிருந்த முந்தானையைச் சென்னம்மாள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற ராஜாமணியின் மூச்சு, பிடரியில் பட்டது.

"இல்லீங்க."

டாக்டர் கை கழுவப் போனார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்து காகிதத்தில் எழுதினார். நெஞ்சுக்கு எக்ஸ்ரே. ஈரலுக்கு ஸ்கேன். அக்குள் கட்டிக்கு ஊசி. எல்லாம் இன்றைக்கே.

"போயிட்டு வாங்க" என்றார்.

பேடிக்க வேண்டாம் என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. சென்னம்மாள் வாசல் வரைக்கும் மெதுவாக நடந்து பார்த்தாள். அப்போதும் வரவில்லை.

*

எக்ஸ்ரே அறையில் ஒரு பச்சை அங்கியைக் கொடுத்தார்கள். அதைத் தைத்த மகராசனுக்கு என்ன கோபமோ, திறப்பு முதுகுப் பக்கம் இருந்தது.

"உடம்புல ஊக்கு, சங்கிலி, எது இருந்தாலும் கழட்டிடுங்கம்மா. படத்துல விழும்" என்றாள் படம் எடுக்கிற பெண்.

தடுப்புக்குப் பின்னால் நாத்தனாரும் அண்ணியும் நின்றார்கள். ஜாக்கெட்டைக் கழற்றியபோது புண்ணோடு ஒட்டியிருந்த துணியும் கூடவே வந்தது. சென்னம்மாள் உதட்டைக் கடித்தாள். ராஜாமணி பழைய வேட்டித் துணி ஒன்றை நாலாக மடித்துப் புண்ணின் மேல் வைத்தாள். அது நிற்காமல் நழுவியது. வெளியிலிருந்து "ஆச்சாம்மா?" என்றாள் அந்தப் பெண். ராஜாமணி தன் ஜாக்கெட்டிலிருந்து ஒரு ஊக்கை உருவி, துணியையும் அங்கியையும் சேர்த்துக் குத்திவிட்டாள்.

"மணி, ஊக்கு இருக்கக்கூடாதுன்னாங்க."

"நெஞ்சத்தான அண்ணி படம் எடுக்கறாங்க. இது முதுகுலதான இருக்குது."

சென்னம்மாளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நெஞ்சைப் படம் எடுக்கும் மெஷின் முதுகை ஏன் பார்க்கப் போகிறது?

அடுத்து தாலி. கழற்ற மாட்டேன் என்று நின்றாள். இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பாளோ, அந்தப் பெண் சண்டைக்கு வரவில்லை. "அப்படியே மேல தூக்கி வாயில கடிச்சுக்கோங்க. மூச்ச இழுத்துப் புடிங்க."

தாலியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சில்லென்ற தகட்டில் நெஞ்சை அழுத்திக்கொண்டு சென்னம்மாள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். எனக்கு ஒன்றும் ஆகக்கூடாது, சாமி. பெண் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டும். வாய் மூடியிருந்ததால் வேண்டுதல் எல்லாம் உள்ளுக்குள்ளேயே ஓடியது.

அடுத்தது ஸ்கேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இங்கே மல்லாந்து படுக்க வேண்டும். முதுகு பட்ட இடத்தில் உயிர் போனது.

"வலிக்குதாம்மா?" என்றார் ஸ்கேன் எடுத்த டாக்டர்.

"இந்த மாதிரி கட்டில் பழக்கமில்லீங்க."

வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கைப்பிடி மாதிரி ஒன்றை வைத்து அங்கேயும் இங்கேயும் உருட்டினார். பக்கத்தில் ஒரு சின்ன டிவி. மழை நாளில் படம் தெரியாத டிவி எப்படி இருக்குமோ அப்படி, ஒரே புள்ளிப் புள்ளியாக ஓடியது. அதில் தன் ஈரல் இருக்கிறது என்றார்கள். சென்னம்மாள் உற்று உற்றுப் பார்த்தாள். நல்ல ஈரலா, கெட்ட ஈரலா என்று அந்த மழைக்குள் என்ன தெரியும்? டாக்டர் முகத்தைப் பார்த்தாள். அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

ஊசிக்கு டாக்டர் அக்கம்மாவே வந்தார். அக்குளைத் துடைத்துக் கட்டியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? ஊசி குத்துனா பரவிடும்கறாங்களே."

"யாரு?"

ராஜாமணி சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தாள்.

"பரவணும்னு இருந்தா அது என் ஊசிக்காகக் காத்துக்கிட்டு இருக்காதும்மா. அது எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் எங்க வெட்டறதுன்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் இந்த ஊசி."

மருந்து இல்லாத வெற்று ஊசி. உள்ளே போய் இரண்டு மூன்று முறை அசைந்து, ஒரு சொட்டு எதையோ எடுத்துக்கொண்டு வந்தது. அதைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்தார்கள். சாயந்தரம் பதில் சொல்வதாகச் சொன்னார்கள்.

*

வேப்ப மரத்தடியில் அர்ச்சுனன் இட்லிப் பொட்டலங்களோடு காத்திருந்தான். ஒன்றைத்தான் பிரித்தான். மனைவி கையில் கொடுத்தான்.

"நீங்க சாப்ட்டீங்களா?"

"ஆச்சு ஆச்சு."

"எங்க?"

அவன் ரோட்டைப் பார்த்தான். சென்னம்மாளுக்குப் புரிந்துவிட்டது. அவள் தண்ணீர் குடிக்கவில்லை என்று இந்த மனுஷனும் காலையிலிருந்து குடிக்கவில்லை. கேட்டால் பசிக்கவில்லை என்பான். இருபது வருஷத்தில் ஒரு நாளும் ஆசையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்படித்தான் ஏதாவது செய்து மாட்டிக்கொள்வான். ஒரு இட்லியைப் பிட்டு அவன் கையில் வைத்தாள். அவன் மறுக்காமல் சாப்பிட்டான்.

அவன் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் ராஜாமணி நெருங்கி உட்கார்ந்தாள்.

"அண்ணி, அது நெறியா இருக்குமோ? புண்ணு இருந்தா நெறி கட்டுமில்ல."

"கால்ல முள்ளு குத்துனா தொடையிடுக்குல நெறி கட்டும். முதுகுல புண்ணுன்னா அக்குள்லயா கட்டும்? நான் கேள்விப்பட்டதில்ல."

"நானுந்தான் கேள்விப்பட்டதில்ல." ராஜாமணியின் கண் கலங்கியது. "அண்ணங்கிட்டச் சொல்லிடட்டுமா? என்ன திட்டுனா திட்டிட்டுப் போவட்டும்."

"திட்டறதோட விட்டா நீ சொல்லலாம். விடுவாரா அந்த மனுசன்? தீர்த்தா ஆவணிக்கு எடுத்து வெச்ச சீலைய தெனமும் பிரிச்சுப் பாத்துட்டு மடிச்சு வெக்கறா. பேசாம இரு."

ராஜாமணி தன் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

*

சாயந்தரம் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். சுவரில் இருந்த விளக்குப் பெட்டியைப் போட்டு, எக்ஸ்ரே படத்தை டாக்டர் அக்கம்மா அதில் செருகினார். சென்னம்மாளின் நெஞ்சுக்கூடு வெளிச்சத்தில் நின்றது. அர்ச்சுனன் சாமி முன்னால் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டான்.

"நுரையீரல்ல ஒண்ணும் இல்லை. சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர்.

அர்ச்சுனன் பெருமூச்சு விட்டது அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும்.

"ஈரல்லயும் ஒண்ணும் இல்லை."

ராஜாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப அக்குளுங்க?" என்றாள் சென்னம்மாள். அவளுக்குத் தெரியும், டாக்டர் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

டாக்டர் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "ஊசியில எடுத்ததைப் பாத்தாச்சு. கேன்சர் அணு எதுவும் தெரியலை. உடம்புல புண் இருந்தா அதோட சண்டை போட வர்ற அணுக்கள் மட்டும்தான் நிறைய இருக்கு."

"நல்லதுதானுங்களே" என்றான் அர்ச்சுனன்.

"நல்லதுன்னு சொல்ல ஆசைதான். ஆனா ஊசி முனை போன இடம் கடுகளவு. அதுக்குப் பக்கத்துல கேன்சர் இருந்து ஊசி தப்பிப் போயிருக்கலாம். போன தடவை இல்லாத கட்டி பதினஞ்சு நாள்ல இவ்வளவு பெருசா வந்திருக்கு. புண்ணால வந்துச்சுன்னா, அந்தப் புண் எங்கயாவது இருக்கணும். உங்க மனைவி புண் எதுவும் இல்லைங்கறாங்க. அப்ப நான் இதை நம்ப முடியாது. பரவியிருக்குன்னு வெச்சுக்கிட்டு, ஆபரேஷனைத் தள்ளிப் போட்டு, முதல்ல கதிர் பாய்ச்சி கரண்ட் வைக்கறதைப் பத்தி யோசிக்கணும்."

டாக்டர் எழுந்து விளக்குப் பெட்டியிடம் போனார்.

"இன்னொரு விஷயம். இதைப் பாருங்க."

நெஞ்சுக்கூட்டின் இடது பக்கம், விலா எலும்புகளுக்கு நடுவில், பளிச்சென்று ஒரு ஊக்கு. வாய் மூடிய, முழு ஊக்கு. சங்கிலி விழவில்லை, தாலி விழவில்லை. அது மட்டும் விழுந்திருந்தது.

"எக்ஸ்ரேக்கு முன்னால, பின்னால எல்லாம் ஒண்ணுதாம்மா. நடுவுல எது இருந்தாலும் காட்டிக் குடுத்துடும்" என்றார் டாக்டர். "இந்த ஊக்கு எதைப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு?"

ஜாக்கெட் ஊக்கு, எடுக்க மறந்துட்டேன் என்று சொல்லலாம். வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் கல்யாணம் பிழைக்கும். அந்தக் கல்யாணத்துக்கு அவள் இருப்பாளா?

சென்னம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் படத்தில் இருந்த ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புண்ணு இருக்குதுங்க" என்றாள்.

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "முதுகுல. சூடு போட்டுக்கிட்டேன். கட்டி கரையும்னாங்க. சீழ் வெச்சுடுச்சு. அத மறைக்கத்தான் துணி வெச்சேன். துணிய நிறுத்தத்தான் ஊக்கு."

டாக்டர் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. திரையை இழுத்துவிட்டு அவளைத் திரும்பி உட்காரச் சொன்னார். துணியை நனைத்து, நனைத்து, மெதுவாக எடுத்தார். தோள்பட்டைக்குக் கீழே பார்த்தார். அங்கிருந்து அக்குள் வரைக்கும் விரலால் ஒரு கோடு இழுத்தார்.

"உங்க ஊர்ல இதுக்கு என்ன பேர் சொல்லுவாங்க? கால்ல புண்ணு வந்தா தொடைகிட்ட வீங்குமே."

"நெறிங்க. நெறி கட்டறது."

"ஆங், நெறி. முதுகுல மேல் பாதிக்குக் காவக்காரன் அக்குள்லதான் இருக்கான். அவன்தான் வீங்கியிருக்கான்." டாக்டர் முன்பக்கம் வந்து அவள் முகத்தைப் பார்த்தார். "இப்ப நான் அந்த ஊசியை நம்பறேன். புண்ணுக்கு மாத்திரை, களிம்பு தர்றேன். ஒரு வாரம். புண் ஆறி, நெறியும் கரைய ஆரம்பிச்சா நேரா ஆபரேஷன். அப்ப அக்குள்ல இருக்கறதையும் எடுத்துச் சோதிச்சு முழுசா முடிவு சொல்லிடுவேன். காலையிலயே சொல்லியிருந்தா இன்னைக்கு இவ்வளவு கலங்கியிருக்க வேண்டாம். நீங்களும், நானும்."

பிறகு அவள் தோளைத் தட்டினார்.

"பேடிக்க வேண்டாம்."

சென்னம்மாளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பதினைந்து நாளாக அழாததெல்லாம் சேர்ந்து வந்தது. சந்தோஷம்தான். ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை என்பதும் அவளுக்கு உறைத்தது.

*

டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று பேர் மட்டும் நின்றார்கள். விளக்குப் பெட்டி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"தீர்த்தமலைக்குப் போறோம்னு சொல்லிட்டுப் போன அன்னைக்கா?" என்றான் அர்ச்சுனன்.

"ஆமாங்க."

"சென்றாயனா?"

"ஆமாங்க. நானாத்தான் போனேன். யாரும் சொல்லல. எம் புத்திதான்."

அர்ச்சுனன் விளக்குப் பெட்டியைக் கை நீட்டிக் காட்டினான். "உம் முதுகுல நீயே ஊக்கு குத்திக்கிட்டயா?"

சென்னம்மாளின் கை முதுகுப் பக்கம் போய்ப் பாதியில் நின்றது. எந்தப் பொம்பளைக்கும் அந்த இடம் எட்டாது.

"நாந்தாண்ணா குத்துனேன்" என்றாள் ராஜாமணி. கூடை கீழே இருந்தது. இந்தத் தடவை அவள் அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தாள். "கூட்டிட்டுப் போனதும் நாந்தான். அண்ணி வேண்டாம்னுதான் சொன்னாங்க. அண்ணிய விட்டுட்டா நமக்கெல்லாம் யாரு இருக்கான்னு பயந்துட்டண்ணா."

அர்ச்சுனன் தங்கையைப் பார்க்கவில்லை. டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவன் செருப்புச் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டு, படிக்கட்டில் இறங்கி, இல்லாமல் போனது.

"போயிட்டாரு அண்ணி."

"சீட்ட எடுத்துக்கிட்டுத்தான போயிருக்காரு. இரு" என்றாள் சென்னம்மாள். சொல்லிவிட்டாளே தவிர அவளும் படிக்கட்டுப் பக்கமே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மயிலை செத்தபோதும் இப்படித்தான் ஒரு வார்த்தை பேசாமல் போனான். அதன் பிறகு ஆறேழு வருஷம் தங்கை வீட்டோடு பேசவில்லை.

நர்ஸம்மா வந்து விளக்குப் பெட்டியை அணைத்துவிட்டுப் போனாள். இரண்டு பேரும் பெஞ்சுக்கு வந்தார்கள். ராஜாமணி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்ல நினைத்து, யார் யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

அர்ச்சுனன் கையில் ஒரு காகிதப் பை. மனைவி முன்னால் நின்றான். பிறகு ஒரு அடி நகர்ந்து தங்கை முன்னால் நின்றான். பையை நீட்டினான்.

"புடி."

ராஜாமணி எழுந்து இரண்டு கையாலும் வாங்கினாள்.

"காலையில ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா. சுடுதண்ணியில தொடச்சிட்டுப் போடணுமாம். புண்ணு எங்க இருக்குதுன்னு உனக்குத்தான தெரியும், நீயே போடு." பைக்குள் விரலை நீட்டிக் காட்டினான். "பிளாஸ்திரி வாங்கியாந்திருக்கேன். இனிமே ஊக்கு வேண்டாம்."

சென்னம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சிரித்தால் முதுகு வலித்தது. இருந்தாலும் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான். "தந்தி ஆபீஸ் இன்னும் தொறந்திருக்கும்னாங்க. உம் மவன் மாதேசுக்கு ஒரு தந்தி அடிச்சுட்டு வந்தர்றேன்."

ராஜாமணியின் முகம் வெளுத்தது. "எதுக்குண்ணா?"

"உடனே கெளம்பி வரச் சொல்லி."

"எதுக்குங்க?" என்றாள் சென்னம்மாளும்.

"வரட்டும். அவங்கிட்டயே சொல்றேன்."

செருப்புச் சத்தம் மறுபடி படிக்கட்டில் இறங்கியது. கல்யாணத்தை நிறுத்தவா, முன்னால் தள்ளவா என்று அந்தச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. சென்னம்மாள் அக்குளைத் தொட்டுப் பார்த்தாள். நெறி அங்கேயே இருந்தது. ஆனால் இப்போது அதற்கு ஒரு பேர் இருந்தது, தெரிந்த பேர். அவள் நாத்தனாருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"போடு மணி" என்றாள். "ஆவணிக்குள்ள ஆறணும்."